ஆயில் சம்ப்பில் துகள் கிடந்தால்

இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டிதான் சம்ப். அதிலிருந்து வடித்த ஆயிலில் மினுமினுப்பு தெரிந்தால், புது ஆயில் ஊற்றி மூடிவிடாதீர்கள். வெள்ளைத் துணியில் வடிகட்டி, காந்தத்தைக் காட்டுங்கள். ஒட்டினால் இரும்பு. ஆயில் வடிக்கும் பிளக்கின் நுனியில் மாவுபோல் படிவது சகஜம். செதில் வந்தால் ஆபத்து. ஒட்டாத வெள்ளி நிறம் பெரும்பாலும் அலுமினியம், செம்பு நிறம் பேரிங். கறுப்பு பிளாஸ்டிக் துண்டு என்றால் டைமிங் செயின் கைடை (இன்ஜினுக்குள் ஓடும் சங்கிலியைத் தாங்கி வழிநடத்தும் பட்டை) பாருங்கள்.

ஃப்ளஷ் (இன்ஜின் உள்ளே கழுவும் திரவம்) ஊற்றினால் போதும் என்பார்கள். வேண்டாம்: கழன்ற கசடு, ஆயிலை உறிஞ்சும் வாயில் இருக்கும் ஸ்ட்ரெய்னரை அடைத்து ஆயில் பிரஷரை இறக்கிவிடும்.

சம்ப்பையே இறக்குங்கள் (ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள், ஸ்டாண்டு வேண்டும்). டீசலில் பிரஷ் போட்டுக் கழுவி, ஸ்ட்ரெய்னர் வலையையும் சுத்தம் செய்து நன்றாகக் காயவிடுங்கள். சம்ப் விளிம்பில் கசிவைத் தடுக்கப் பூசிய பழைய சிலிகானைப் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டுங்கள். இரும்பு பிளேடு அலுமினியத்தைக் கீறி ஒழுக வைக்கும். புது சிலிகான் 3 மி.மீ. கோடு போதும். தாராளமாகப் பூசினால் உள்ளே பிதுங்கி, அதுவே அடுத்த குப்பை. எம்6 (6 மி.மீ.) போல்ட்டுகளை எதிரெதிராக, சுமார் 10 நியூட்டன் மீட்டர் விசையில் முறுக்குங்கள். மேனுவலில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி.

பிளக் வாஷர், ஆயில் ஃபில்டர் இரண்டும் புதிதாக வேண்டும், பெங்களூரு ஜே.சி. ரோட்டில் கிடைக்கும். சிலிகான் டியூப்பில் சொன்ன நேரம் காத்திருந்து ஆயில் ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்து சில விநாடியில் ஆயில் விளக்கு அணையாவிட்டால் உடனே ஆஃப்.