பட்டறைத் தூசிக்குக் குழாய் போடும் முன்

ராமேஸ்வரம் பக்கத்தில், மண்டபம் ஊரில் உள்ள எங்கள் தச்சுப் பட்டறைக்கு முதலில் தகரக் குழாய்தான் போட்டேன். உப்புக்காற்று இரண்டே வருடத்தில் இணைப்புகளைத் தின்றுவிட்டது. இப்போது பிவிசி, துரு என்ற பேச்சே இல்லை.

தூசி உறிஞ்சியின் வாய் 6 அங்குலமென்றால் பிரதான குழாயும் 6 அங்குலம் இருக்கட்டும். இயந்திரத்துக்குப் பிரியும் கிளைக்கு 4 போதும். சிறிய உறிஞ்சிக்குப் பெரிய குழாய் போட்டால் காற்றின் வேகம் விழுந்து, தூள் வழியிலேயே படுத்துவிடும். நொடிக்கு 20 மீட்டர் வேகமாவது வேண்டும்.

வளைவில்தான் வம்பு. 90 பாகை எல்போ ஒன்றுக்குப் பதிலாக 45 பாகை எல்போ இரண்டு போட்டு, நடுவே ஒரு சாண் நேர்க்குழாய் விடுங்கள். கிளை பிரிக்க நேர்க்குறுக்காகப் பிரியும் டீ (T) இணைப்பு வேண்டாம், சரிவாகப் பிரியும் ஒய் (Y) இணைப்பு வாங்குங்கள். அதன் சரிவு காற்று ஓடும் திசையிலேயே சேர வேண்டும். நான் ஒருமுறை திருப்பி மாட்டிவிட்டேன். படகுப் பலகை இழைத்த ஈரச் சீவல், குருவிக்கூடு போல அங்கே அடைத்துக்கொண்டது. குழாயைத் தட்டினால் தேங்காயைத் தட்டுவது போல் கனத்த சத்தம்.

நல்லவேளை, பசை போட்டு ஒட்டியிருக்கவில்லை. டேப்பைப் பிரித்துக் கழற்றிவிட்டேன். திருகாணி போடுவதானால் முனை உள்ளே நீட்டக் கூடாது, சீவல் அதில் சிக்கும்.

ஒவ்வொரு கிளைக்கும் ஓர் அடைப்புத் தகடு வையுங்கள். ஓடும் இயந்திரத்தின் தகட்டை மட்டும் திறந்தால் போதும்.

காற்றை வெளியே விடுபவர்கள் குழாய் வாயைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். வடகிழக்கைப் பார்த்து வைத்தால், வாடைக்காற்று மழையையும் சேர்த்து உள்ளே அனுப்பிவிடும்.