சோப்புக்கு எந்த ஆலிவ் எண்ணெய்? லேபிள் படிப்பது முதல் கட்டி வெட்டுவது வரை

முதல்முறை சோப்பு செய்பவர்கள் பெரும்பாலும் இருப்பதிலேயே விலை கூடிய எக்ஸ்ட்ரா வெர்ஜின் பாட்டிலைத்தான் எடுக்கிறார்கள். சோப்புக்கு அது வீண் செலவு. அந்தக் கூடுதல் விலை மணத்துக்கும் சுவைக்கும் கொடுப்பது. எண்ணெயைச் சோப்பாக்கும் காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு; இனி 'சோடா') கரைசல் பட்டதுமே மணம் பெரும்பாலும் போய்விடும்; சுவை சோப்புக்குத் தேவையே இல்லை. சோப்பாக மாறுவது எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்கள். ஆலிவ் எண்ணெயில் பொதுவாக 55 முதல் 83 சதவீதம் வரை ஒலியிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம்தான். எந்தத் தரத்தை எடுத்தாலும் இந்த வரம்பு மாறாது.

படி 1: லேபிளைப் படியுங்கள்

எக்ஸ்ட்ரா வெர்ஜின், வெர்ஜின் இரண்டும் பழத்தை அரைத்துப் பிழிந்த எண்ணெய், ரசாயனம் சேராது. சர்வதேச ஆலிவ் கவுன்சிலின் தரப்படி கொழுப்பிலிருந்து பிரிந்து தனித்து நிற்கும் அமிலம் முதலாவதில் 0.8 சதவீதத்தையும் இரண்டாவதில் 2 சதவீதத்தையும் தாண்டக்கூடாது.

வெறுமனே 'ஆலிவ் எண்ணெய்', 'ப்யூர்', 'லைட்' என்று வருபவை ரிஃபைண்ட் (சுத்திகரித்த) எண்ணெயில் கொஞ்சம் வெர்ஜின் கலந்தவை. 'லைட்' என்பது நிறமும் மணமும் குறைவு என்று மட்டுமே சொல்கிறது. கொழுப்பு அதே அளவுதான்.

பொமேஸ் என்பது பிழிந்த பிறகு மிஞ்சும் புண்ணாக்கிலிருந்து கரைப்பான் ஊற்றி எடுத்து, சுத்திகரித்து, வெர்ஜின் கலந்த எண்ணெய். மெழுகு போன்ற, சோடாவோடு சேர்ந்து சோப்பாகாத பொருட்கள் இதில் 3 சதவீதம் வரை இருக்கலாம். மற்ற தரங்களில் உச்சவரம்பு 1.5 சதவீதம்.

முன்பக்கத்தோடு நிறுத்தாமல் பாட்டிலின் பின்பக்கத்தையும் பாருங்கள். சூரியகாந்தி, சோயா என்று சிறிய எழுத்தில் இருந்தால் வாங்க வேண்டாம். அவற்றில் எளிதில் காறும் லினோலியிக் அமிலம் அதிகம். கட்டி மென்மையாகும், சீக்கிரம் காறிப்போகும்.

படி 2: முகர்ந்து பாருங்கள்

தரத்தைவிட முக்கியம் எண்ணெய் புதிதா என்பது. உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்துச் சூடாக்கி முகருங்கள். புல், பழம், அல்லது ஒரு வாசமும் இல்லை என்றால் சரி. பழைய வேர்க்கடலை வாடையோ மெழுகு க்ரேயான் வாடையோ அடித்தால் அது காறல். காறிய எண்ணெயில் செய்த சோப்பில் சில மாதங்களில் ஆரஞ்சுப் புள்ளிகள் எழும்; அதற்குப் பிறகு காப்பாற்ற வழியில்லை. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து உறைகிறதா என்று பார்க்கும் சோதனையை நம்ப வேண்டாம். நல்ல எண்ணெயும் சில நேரம் உறையாது, கலப்படமும் சில நேரம் உறையும்.

படி 3: தேர்வு செய்யுங்கள்

தொடங்குபவர்களுக்கு எங்கள் பரிந்துரை சாதாரண 'ஆலிவ் எண்ணெய்'. கட்டி வெளிர் தந்தநிறத்தில் வரும். கலவை நிதானமாகக் கெட்டியாவதால் பதற்றமில்லாமல் மோல்டில் (அச்சில்) ஊற்றலாம். பொமேஸ் பொதுவாக விரைவில் கெட்டியாகும். கட்டி பச்சை சாயலில் இருக்கும். கை பழகியவர்களுக்கு அந்த வேகம் வசதி. ஆனால் கிராம்பு எண்ணெய் போல வேகத்தைக் கூட்டும் வாசனையைச் சேர்த்தால் பாத்திரத்திலேயே இறுகிவிடலாம். எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஏற்கெனவே வீட்டில் இருந்து, காறாமலும் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். சோப்புக்கென்று வாங்க வேண்டாம்.

படி 4: சோடா கணக்கு

ஒரு கிராம் ஆலிவ் எண்ணெய்க்கு 0.135 கிராம் காஸ்டிக் சோடா. 500 கிராம் எண்ணெய்க்கு 67.5 கிராம் வரும். அதில் 5 சதவீதம் குறைத்து 64 கிராம் எடுங்கள். அந்த 5 சதவீத எண்ணெய் சோப்பாகாமல் தங்கித் தோலைக் காக்கும். இதைத்தான் சூப்பர்ஃபேட் என்கிறோம். பொமேஸுக்குத் தேவை ஒரு துளி குறைவு. அந்த வித்தியாசமும் இதற்குள் அடங்கிவிடும். தண்ணீர் 128 கிராம்.

சோதனைக்காக 100 கிராமில் செய்ய நினைக்காதீர்கள். அதற்கு வேண்டிய சோடா 12.8 கிராம்தான். தராசு ஒரு கிராம் தவறினாலே 8 சதவீதம் போய்விடும். சூப்பர்ஃபேட் முழுவதும் கரைந்து கட்டி தோலை எரிக்கும். சோடா டப்பாவையும் இறுக்கி மூடி வையுங்கள். காற்றின் ஈரத்தை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிய சோடா எடை காட்டும், வேலை செய்யாது. கட்டி எண்ணெய்ப் பிசுக்காகவே நிற்கும்.

படி 5: கலக்குங்கள்

கண்ணைக் காக்கும் கண்ணாடி, கையுறை, முழுக்கைச் சட்டை, திறந்த ஜன்னல் எல்லாம் வேண்டும். அலுமினியப் பாத்திரம் கூடாது. சோடா அதை அரித்து ஹைட்ரஜன் வாயு விடும். குளிர்ந்த தண்ணீரில்தான் சோடாவைத் தூவ வேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். தோலில் பட்டால் வினிகரைத் தேடாமல் உடனே ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவுங்கள்.

கரைசலும் எண்ணெயும் 40 டிகிரி செல்சியஸ் அளவுக்கு வந்ததும் கரைசலை எண்ணெயில் ஊற்றி, கை பிளெண்டரைச் சில நொடி ஓட்டி, நிறுத்தி, கையால் கிளறி, மறுபடி ஓட்டுங்கள். கலவையைக் கரண்டியில் எடுத்துக் கோடு போல விடுங்கள். கோடு உடனே மறைந்தால் இன்னும் ஆகவில்லை. ஓரிரு நொடி மேலே நின்றால் ட்ரேஸ், அதாவது ஊற்றும் அளவு கெட்டியான பதம், வந்துவிட்டது; மோல்டில் ஊற்றலாம். ஊற்றுமுன் ஒரு நிமிடம் அசையாமல் விட்டுப் பாருங்கள். மேலே எண்ணெய்க் கோடு பிரிந்தால் இன்னும் ஓட்ட வேண்டும்.

படி 6: காயவிடுங்கள்

மோல்டிலிருந்து எடுக்க 2 முதல் 4 நாள் ஆகலாம். விரல் அழுத்தினால் பள்ளம் விழுகிற கட்டியை வெட்டாதீர்கள். காற்றோட்டமான இடத்தில் குறைந்தது 6 வாரம். 6 மாதம் வைத்தால் நுரையும் கடினமும் நன்றாகக் கூடும். தண்ணீர் பட்டதும் கொழகொழவென்று வழுக்குவது ஒலியிக் அமில சோப்பின் இயல்பு. எண்ணெய்த் தரத்தை மாற்றி அதைப் போக்க முடியாது. பிடிக்கவில்லையென்றால் அடுத்த முறை 375 கிராம் ஆலிவ் எண்ணெயோடு 125 கிராம் தேங்காய் எண்ணெய் சேருங்கள். அப்போது சோடா 69.8 கிராம். பழைய 64-ஐ வைத்தே செய்தால் சூப்பர்ஃபேட் 13 சதவீதமாகி, கட்டி மென்மையாக, சீக்கிரம் காறும்படி வரும்.