லண்டன் மியூசியத்தில் பாவாடையின் உள்பக்கம் பார்க்க

ஈஸ்ட் ஹாமில் ரவிக்கை தைக்கிறேன். மியூசியம் போனால் கால்வலிதான் மிச்சம் என்று அலுத்துக்கொண்டவள்தான் நானும். ஒரே நாளில் எல்லா மாடியும் ஏறி இறங்கினால் வேறென்ன மிஞ்சும்?

விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போங்கள். அன்று இரவு 10 மணி வரை திறந்திருக்கும். சிறப்புக் கண்காட்சிக்குத்தான் டிக்கெட், மற்றதெல்லாம் இலவசம். டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறி உட்கார்ந்தால் சவுத் கென்சிங்டனில்தான் எழுந்திருக்க வேண்டும்.

முதலில் 42ஆம் அறை. 1539-40இல் ஈரானில் முடித்த அர்தபில் கம்பளம் அங்கே தரையில் விரித்திருக்கிறது. சாயம் மங்கிவிடும் என்று அரைமணிக்கு ஒரு தரம், பத்தே நிமிடம் விளக்குப் போடுவார்கள். மணி பார்த்துப் போங்கள். நடுவட்டத்தின் இரு பக்கமும் ஒவ்வொரு விளக்கு நெய்திருக்கும். ஒன்று சின்னது, ஒன்று பெரியது. அளவு பிசகிவிட்டதோ என்று நினைத்தேன். சின்ன விளக்குப் பக்கம் போய் நின்று பாருங்கள், இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

அப்புறம் வீட்டுக்குப் போய்விடுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

இன்னொரு நாளைக்கு, இதே மியூசியம் 2025இல் ஸ்ட்ராட்ஃபோர்ட் பக்கம் திறந்த ஸ்டோர்ஹவுஸ். கிடங்கிலிருக்கும் பொருளை நாமே கேட்டுப் பார்க்கலாம், காசு கிடையாது. இரண்டு வாரம் முன்னாலேயே இணையத்தில் தேர்ந்தெடுத்து நாள் குறித்துவிட வேண்டும். ஐந்து பொருள் வரை கேட்கலாம். முதல் தரம் பேராசையில் ஐந்தும் கேட்டேன், ஒன்றையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. இரண்டு போதும். பேனாவை விட்டுவிட்டுப் பென்சில் கொண்டுபோங்கள்.

துணி கேட்பதென்றால் லைனிங் இல்லாததாகக் கேளுங்கள், உள்பக்கம் பார்க்கலாம். நான் கேட்டது குஜராத்தின் கட்ச் பகுதிப் பாவாடை. தோல் தைக்கும் மோச்சிகள் தங்கள் கொக்கி ஊசியாலேயே பட்டிலும் பூப்போட்டார்கள். இன்று நம் கல்யாண ரவிக்கைகளில் ஓடும் ஆரி வேலை அந்த வழியில் வந்ததுதான். மேலே சங்கிலி சங்கிலியாக இருந்த தையல், ஊழியர் ஓரத்தைத் திருப்பியதும் அடியில் ஒற்றைக் கோடாக ஓடியது. என் கட்டைவிரல் நக அகலத்துக்குள் பதினாறு சங்கிலி எண்ணினேன், அதற்குமேல் கண் சொக்கிவிட்டது. பூதக்கண்ணாடி கொண்டுபோயிருக்கலாம்.