பதற்றம் தணிய மூச்சுப் பயிற்சி: வெளிமூச்சிலிருந்து தொடங்குங்கள்

பதறிப்போய் இருக்கும்போது "நல்லா மூச்சை இழு" என்பார்கள். அப்படி இழுத்து இழுத்தே எனக்குத் தலை சுற்றியிருக்கிறது. தேவைக்கு மேல் மூச்சு வாங்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். தலை கிறுகிறுக்கும், விரல்கள் மரத்துப்போகும். அதைக் கண்டு பயம் இன்னும் ஏறும். அதனால் புதிதாகப் பழகுபவர்களிடம் நான் முதலில் சொல்வது, மூச்சை விடப் பழகுங்கள் என்பதைத்தான்.

ஆபத்து என்று மூளை நினைத்ததும் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கும், நெஞ்சு படபடக்கும். ஆபத்து விலகியதும் இதெல்லாம் அடங்க வேண்டும். நாள்பட்ட பதற்றத்தில் உடம்பு எளிதில் அடங்குவதில்லை. இதயத்தின் வேகத்தைக் குறைப்பது வேகஸ் நரம்பு. மூச்சை இழுக்கும்போது அதன் பிடி தளர்ந்து துடிப்பு சற்றுக் கூடும். விடும்போது பிடி இறுகித் துடிப்பு குறையும். வெளிமூச்சை நீட்டச் சொல்வது இதனால்தான்.

சரி, செய்து பார்ப்போம்.

1. சாய்ந்து உட்காருங்கள். ஒரு கை நெஞ்சில், மறு கை வயிற்றில். தோள்களைத் தளர்த்துங்கள்.

2. முதலில் உள்ளே இருக்கும் காற்றை மெதுவாக வெளியே விடுங்கள்.

3. மூக்கு வழியாக 4 எண்ணும்வரை இழுங்கள். வயிற்றில் உள்ள கை உயரட்டும். நெஞ்சில் உள்ள கை அதிகம் அசைய வேண்டாம். நெஞ்சு முட்ட இழுக்காதீர்கள், முக்கால் மூச்சு போதும்.

4. உதட்டைக் குவித்து 6 எண்ணும்வரை விடுங்கள். எதிரே விளக்கு இருந்தால் சுடர் அசையலாம், அணையக் கூடாது, அவ்வளவு மென்மையாக.

நொடிக்கு ஒன்றாக எண்ணினால் நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். பெரியவர்கள் சும்மா இருக்கும்போது விடுவது 12 முதல் 20. மூச்சு முட்டினால் இழுக்க 3, விட 4 என்று குறைத்துக்கொள்ளுங்கள். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.

காலையும் இரவும் 5 நிமிடம் போதும். ஆனால் மனம் அமைதியாக இருக்கும் நேரத்திலேயே பழகுங்கள். படபடப்பின் நடுவே புதிதாக ஒன்றைக் கற்பது மிகவும் சிரமம். பழகிய உடம்புக்கு அப்போது வழி தெரிந்திருக்கும்.

6 மாதமாகப் பெரும்பாலான நாட்களில் கவலை கட்டுக்குள் வரவில்லை, தூக்கம் கெடுகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள்; அதற்கு முன்பே தாங்க முடியாமல் போனாலும் காத்திருக்க வேண்டாம். மூச்சுப் பயிற்சியைச் சிகிச்சையோடு சேர்த்தே செய்யலாம். புதிதாக நெஞ்சுவலி வந்தால் மட்டும் பதற்றம்தான் என்று நீங்களே முடிவு செய்துகொண்டு மூச்சை எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.