டெல்டா மண்ணில் ஆர்.சி. பக்கி: செட்டப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பா அறுவடை முடிந்து வயல் காய்ந்துவிட்டால், டெல்டாவில் ஆர்.சி. பக்கி (மண் தரையில் ரிமோட்டால் ஓட்டும் சிறிய மாதிரிக் கார்) ஓட்டுவோருக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. உளுந்தோ பயறோ தெளிக்காமல் விட்ட வயல், நெல்லடிக்கும் களம், கொள்ளிடத்து மணல், வல்லம் பக்கத்துச் செம்மண் பொட்டல் என்று தஞ்சாவூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் நான்கு விதமான தரை கிடைக்கிறது. (நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது, தரிசு போலத் தோன்றும் வயலில் உளுந்து முளைவிட்டிருக்கக் கூடும்.) இத்தனை தரைக்கும் ஒரே செட்டப்பை (டயர், ஸ்பிரிங், ஆயில் முதலியவற்றின் அமைப்பை) வைத்துக்கொண்டு, வண்டி சுற்றி நிற்கும்போதெல்லாம் மோட்டாரையோ, சக்கரத்தைத் திருப்பும் சர்வோவையோ குறை சொல்வதுதான் இங்கே பரவலாகக் காணும் தவறு.

அந்த ஒரே செட்டப்பும் பெரும்பாலும் வெளிநாட்டுப் போட்டியாளர் ஒருவர் வெளியிட்ட செட்டப் தாளிலிருந்து எடுத்ததாக இருக்கும். ஐரோப்பாவில் பல களங்கள் செயற்கைப் புல்லாலும் கார்ப்பெட்டாலும் ஆனவை. அமெரிக்காவின் உள்ளரங்கக் களிமண் களங்கள் சிலவற்றில் ஈரப்பதத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பதால், பட்டனே (டயரின் மேல் துருத்தி நிற்கும் ரப்பர் முளை) இல்லாத வழுவழுப்பான டயரில்கூட ஓட்டுகிறார்கள். பிடிப்பு அவ்வளவு மிகுந்த இடத்தில், திருப்பத்தில் வண்டி கவிழாமல் காப்பதே பெரிய வேலை. ஆகவே அந்தத் தாள்களில் தரையிடைவெளி குறைவாகவும், ஸ்பிரிங் இறுக்கமாகவும், வண்டி பக்கவாட்டில் சாய்வதைக் குறைக்கும் கம்பியான ஆன்ட்டி ரோல் பார் தடிமனாகவும், பேட்டரி முன்தள்ளியும் இருக்கும். நம் வயலில் சிக்கல் நேர்மாறானது. இங்கே பிடிப்பே குறைவு. வண்டி சற்றுச் சாய்ந்து, எடை ஒரு பக்கத்து டயர் மீது இறங்கினால்தான் அந்த டயர் மண்ணைப் பற்றும். கடன் வாங்கிய அளவுகளைவிட, வண்டியோடு வந்த கையேட்டின் தொடக்க அளவுகளே இங்கே நம்பகமானவை என்பது என் கருத்து.

எதை மாற்றுவதாக இருந்தாலும் முதலில் தரையைப் பார்க்க வேண்டும். குதிகாலை ஊன்றி ஒருமுறை திருகிப் பாருங்கள். மேலே புழுதி மட்டும் விலகி அடியில் கெட்டி மண் தெரிந்தால் அது ஒரு வகை. குதிகால் ஒரு விரற்கடை ஆழம் இறங்கினால் வேறு வகை. செருப்போடு மண் ஒட்டிக்கொண்டு வந்தால் மூன்றாவது வகை. இந்த மூன்றும் ஒரே வயலில், ஒரே நாளில் வரக்கூடியவை. தை மாதக் காலையில் பனி ஈரத்தில் நன்றாகப் பிடிக்கும் தரை, பத்து மணிக்குமேல் புழுதியாகிவிடும். மதியத்துக்குள் வண்டிகள் ஓடிய தடம் மட்டும் மெருகேறி, அதற்கு ஒரு சாண் வெளியே தளர்ந்த மண் குவிந்து கிடக்கும். காலையில் வைத்த செட்டப்பை மாலை வரை மாற்றாமல் இருப்பது தவறு. தடத்தை விட்டு விலகி ஓட்டிவிட்டு, பிடிப்பில்லை என்று செட்டப்பை மாற்றுவதும் தவறு.

தவறுகள் மிகுந்திருப்பதும் பணம் வீணாவதும் டயரில்தான். மென்மையான ரப்பர் என்றால் பிடிப்பு அதிகம் என்ற எண்ணம் பாதிதான் சரி. ஒவ்வொரு ரப்பர் கலவையும் ஒரு வெப்ப எல்லைக்குள்தான் ஒழுங்காக வேலை செய்யும். சித்திரை வெயிலில் கை வைக்க முடியாதபடி சுடும் தரையில் மிக மென்மையான டயரின் பட்டன்கள் குழைந்து சாய்ந்துவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பியதற்கும் வண்டி திரும்புவதற்கும் இடையே ஒரு தயக்கம் தெரியும். வல்லம் பக்கத்துச் சரளை மண்ணில் அதே டயரின் பட்டன் முனைகள் விரைவில் உருண்டு போகும். அங்கே நடுத்தரக் கலவையே போதும். அந்த நடுத்தர டயர் மார்கழிக் காலையில் இறுகி வழுக்குமானால், அப்போது மென்மையானதைப் போட்டுக்கொள்ளலாம்.

பட்டனின் உயரம் கலவையைவிட முக்கியமானது. உயரமான பட்டன் எங்கும் நன்றாகக் குத்தும் என்று நினைத்து, நெல்லடிக்கும் களத்தின் கெட்டித் தரையிலும் அதையே போடுவோர் உண்டு. குத்துவதற்கு மண் இல்லாத இடத்தில் பட்டன் மடங்கத்தான் செய்யும். கெட்டித் தரைக்குக் குட்டையான, நெருக்கமான பட்டன். தளர்ந்த மேல்மண்ணுக்கு, அதைத் துளைத்து அடியில் உள்ள கெட்டி மண்ணைத் தொடும் உயரமான பட்டன். ஈரக் களிமண்ணுக்கு, சேறு தானாக உதிரும்படி நல்ல இடைவெளி விட்ட பட்டன். பின்சக்கரம் மட்டும் ஓட்டும் வண்டியில் இன்னொரு தவறும் உண்டு. வால் சுற்றினால் பின் டயரை மட்டுமே சந்தேகிப்பார்கள். முன் டயர் அளவுக்கு மீறிக் கடித்தாலும் வால் சுற்றும். பின்புறத்தில் எதையும் தொடாமல், முன்னால் சற்றுத் தேய்ந்த டயரைப் போட்டு ஒரு பேட்டரி தீரும்வரை ஓட்டிப் பார்த்தால் காரணம் விளங்கிவிடும்.

அடுத்தது ஷாக், அதாவது ஸ்பிரிங்கும் ஆயிலும் கொண்ட அதிர்வுதாங்கி. பெல்ட் வகை அறுவடை இயந்திரம் ஏறி இறங்கிய தடமும், காய்ந்து வெடித்த களிமண் பாளமும் உள்ள வயலில் சேஸிஸ் (வண்டியின் அடித்தட்டு) தரையில் அடிக்கும் சத்தம் கேட்டவுடன் கெட்டியான ஆயிலை ஊற்றுவது வழக்கமாகிவிட்டது. கெட்டி ஆயிலால் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கவும் மேட்டில் ஏறவும் நேரம் எடுத்துக்கொள்கிறது. இதனால் சக்கரம் பாதி நேரம் காற்றில் நிற்க, வண்டி தத்தித் தத்திப் போகிறது. இத்தகைய தரையில் முதலில் தரையிடைவெளியை இரண்டு, மூன்று மில்லிமீட்டர் உயர்த்துங்கள். ஆயிலை ஒரு படி மெல்லியதாக்குங்கள். பெரிய குதிப்பிலிருந்து இறங்கும்போது மட்டும் சேஸிஸ் பலமாக அடிக்கிறது, மற்ற இடங்களில் வண்டி அமைதியாகப் போகிறது என்றால்தான் கெட்டி ஆயிலுக்கு வேலை. அப்போதும், மிகப் பெரிய குதிப்பில் இலேசாகத் தட்டுவதைப் பிழையாகக் கொள்ள வேண்டியதில்லை.

ஆயில் எண்களிலும் ஏமாறுவதுண்டு. குப்பியில் ‘வெயிட்’ என்று அச்சிடும் எண் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஒன்றின் 30 மற்றொன்றின் 30 ஆக இருக்க வேண்டியதில்லை. ஆயிலின் கெட்டித்தன்மையைக் காட்டும் சென்டிஸ்டோக்ஸ் அளவைப் பார்த்து வாங்கினால் குழப்பம் இல்லை. மேலும், சிலிக்கான் ஆயில் சூட்டில் மெலிந்துவிடும். குளிர்சாதன அறையில் நிரப்பி, அழுத்திப் பார்த்துத் திருப்தி அடைந்த ஷாக், வைகாசி மதியத்தில் தளர்ந்துபோவதற்கு இதுவே காரணம். நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவிலான பக்கிக்கு மார்கழியில் 350 சென்டிஸ்டோக்ஸ் பொருந்தியிருந்தால், கோடையில் 400 ஐ முயன்று பார்க்கலாம். தரையிடைவெளியை அளக்கும்போது பேட்டரி வண்டிக்குள் இருக்க வேண்டும் என்பதையும், வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து போட்டு ஷாக் தானாக அமர்ந்த பிறகே அளக்க வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

ஆன்ட்டி ரோல் பாரைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை: தளர்ந்த அல்லது மேடுபள்ளமான தரையில் மெல்லியதைப் போடுங்கள், அல்லது கழற்றிவிடுங்கள். டிஃப் (திருப்பத்தில் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல்) ஆயில் சற்றுக் கவனம் கோருவது. எட்டில் ஒரு பங்கு அளவிலான, நான்கு சக்கரமும் ஓட்டும் பக்கியில் முன் 5000, நடு 7000, பின் 3000 சென்டிஸ்டோக்ஸ் என்பது பலரும் தொடங்கும் அளவு. புழுதித் தரையில் நடு டிஃப் கெட்டியாக இருந்தால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் வண்டி முரட்டுத்தனமாகப் பாய்ந்து திசை மாறும். 5000 க்கு இறக்கினால் அடங்கும். எண்ணைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோர், உள்ளே இருக்கும் ஆயில் ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாமல் கறுத்துக் கசிந்துகொண்டிருப்பதைப் பார்ப்பதில்லை.

ஆற்று மணல் முற்றிலும் வேறு விவகாரம். அங்கே பலரும் டயரை மாற்றுகிறார்கள், கியரை மாற்றுவதில்லை. மணலில் சக்கரம் எப்போதும் சுமையை இழுத்துக்கொண்டே இருப்பதால், கெட்டித் தரைக்குச் சரியாக இருந்த பினியன் (மோட்டார் அச்சில் உள்ள சிறு பல்சக்கரம்) மோட்டாரைச் சுட்டுவிடும். ஒன்றிரண்டு பல் குறைவான பினியனைப் போட்டு, மூன்று நிமிடம் ஓட்டியபின் நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியால் மோட்டாரை அளந்து பாருங்கள். 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால் இன்னும் குறைக்க வேண்டும். மிகையான சூட்டில் மோட்டாரின் காந்தம் வலிமை இழக்கும், இழந்தது திரும்பாது. வயலில் ஓட்டும்போதும் மோட்டார் காரணமின்றிச் சுட்டால், கியரைத் தொடுமுன் அச்சுகளைப் பாருங்கள்: சக்கரத்துக்கும் பேரிங்குக்கும் நடுவே வைக்கோல் கயிறாக முறுக்கிக்கொண்டு இறுக்கியிருக்கும், நுனியில் வளைத்த ஊசி ஒன்று இருந்தால் இழுத்தெடுத்துவிடலாம்.

புழுதியை அடக்கத் தண்ணீர் தெளிப்பது நல்லதுதான், ஆனால் ஓட்டுவதற்குச் சற்று முன் தெளிப்பது தவறு. டெல்டாக் களிமண் நீரை மெதுவாகத்தான் உறிஞ்சும். மேலே ஒரு மெல்லிய வழுக்குப் படலம் நிற்க, அடியில் மண் காய்ந்தே கிடக்கும். முந்தைய நாள் மாலையில் பூவாளியால் இரண்டு முறை, இடைவெளி விட்டுத் தெளித்து, வெடிப்புகளில் மண்ணை இட்டு மிதித்துவிட்டால் மறுநாள் காலை தரை இறுகி நிற்கும். மழைக்குப் பின் ஓட்டுவதானால், வீலில் உள்ள காற்றுத் துளைகளை டேப்பால் அடைத்துவிடுங்கள். டயருக்குள் இருக்கும் ஃபோம் நீரைக் குடித்துவிட்டால் சக்கரத்தின் எடைச் சமநிலை கெட்டு, வேகத்தில் வண்டி முழுவதும் அதிரும். அந்த அதிர்வை ஷாக்கின் குறை என்று கருதி ஆயிலை மாற்றியோர் பலர்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே நேரத்தில் மூன்றை மாற்றுவது கூடாது. டயரையும் ஸ்பிரிங்கையும் கேம்பரையும் (சக்கரத்தின் சாய்வு) சேர்த்து மாற்றிவிட்டு வண்டி நன்றாக ஓடினால், நல்லது செய்தது எது என்று தெரியாது. கெட்டுவிட்டால் எதைத் திருப்புவது என்றும் தெரியாது. ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டி, மீண்டும் பழைய அளவுக்குத் திரும்பி ஓட்டிப் பார்த்தால்தான் அந்த மாற்றத்தின் பலன் உறுதிப்படும், ஏனெனில் இடைப்பட்ட நேரத்தில் தரையே மாறியிருக்கலாம். அளவுகோலாக, அதிவேகமான ஒற்றைச் சுற்றை எடுத்துக்கொள்ளாமல், தொடர்ந்து ஓட்டிய ஐந்து சுற்றுகளின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் எதிரே நேரம், தரையின் ஈரம், டயர், ஆயில், மோட்டார் சூடு ஆகியவற்றைக் குறித்து வைத்தால், அடுத்த தை மாதம் அதே வயலில் இறங்கும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.