பதினாறை 10 ஆக்கிய கதை

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு காமன் ஆப்பில், அதாவது பல கல்லூரிகளுக்கும் பொதுவான இணைய விண்ணப்பத்தில், விண்ணப்பித்தபோது, பள்ளிக் காலத்தில் படிப்பு தவிரச் செய்த பதினாறு விஷயங்களையும் அதன் செயல்பாடுகள் பட்டியலில் எப்படியாவது நுழைத்துவிடப் பார்த்தேன். இடமோ 10-க்குத்தான், ஒவ்வொன்றின் விவரிப்புக்கும் 150 எழுத்து, அதுவும் இடைவெளி, காற்புள்ளி எல்லாம் சேர்த்து. ஒரே நாள் போய்வந்த போட்டிகளை முதலில் வெட்டினேன். அப்புறம்தான் கவனித்தேன், பதவிக்கும் அமைப்பின் பெயருக்கும் தனிப் பெட்டிகள் இருக்க, 'விவாத மன்றத் தலைவராக இருந்தேன்' என்று விவரிப்பிலும் எழுதிப் பாதி இடத்தைத் தின்றிருந்தேன். அதை எடுத்துவிட்டு, எத்தனை ஜூனியர்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று எழுதினேன். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்ற கேள்விக்கு முதலில் அடித்துவிட்டது 20. பழைய நாட்காட்டியைப் புரட்டினால் ஆறுதான் வந்தது, சரி, ஆறே போட்டேன். தம்பியைப் பார்த்துக்கொண்டதைக் கணக்கிலேயே எடுக்காமல் இருந்தேன், குடும்பப் பொறுப்புகளுக்கென்று தனி வகையே இருக்கிறது. அது மூன்றாவது இடத்துக்குப் போனது.