மைன்கிராஃப்ட் சர்வரில் எக்ஸ்ரே போடுபவரைக் கண்டுபிடிப்பது எப்படி

எக்ஸ்ரே என்பது பாறைக்குள் புதைந்திருக்கும் டைமண்ட் போன்றவற்றை ஊடுருவிக் காட்டும் ஏமாற்று வழி. ஒருவர் இரண்டே மாலையில் 90 டைமண்ட் சேர்த்துவிட்டார் என்று புகார் வந்தால், அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஃபார்ச்சூன் 3 (விளைச்சலைக் கூட்டும் மந்திரம்) ஏற்றிய பிக்காக்ஸ் ஒரு டைமண்ட் கல்லிலிருந்து 4 டைமண்ட் வரை தரும்; சராசரி 2.2. அதாவது சுமார் 41 கல் உடைத்தாலே 90 வந்துவிடும். சரியான உயரத்தில் பொறுமையாகத் தோண்டுபவருக்கு அது எட்டாத கணக்கு அல்ல. எக்ஸ்ரே போட்டவரைக் காட்டிக்கொடுப்பது அவர் வெட்டிய சுரங்கத்தின் பாதைதான்.

இங்கே சொல்வது ஜாவா பதிப்பில் பேப்பர் மென்பொருளில் ஓடும் சர்வைவல் சர்வருக்கு. யார் எந்த பிளாக்கை எப்போது உடைத்தார் என்று பதிவு செய்யும் கோர்ப்ரொடெக்ட் பிளகின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதை நிறுவுவதற்கு முன்பு நடந்தது எதுவும் பதிவில் இருக்காது.

அந்தப் பதிவைத் தேடும் லுக்கப் கட்டளையில் ஆட்டக்காரர் பெயர், காலம் (7 நாள் போதும்), செயல் (பிளாக் உடைத்தது மட்டும்), பிளாக் வகை ஆகிய நான்கையும் கொடுங்கள். வகையில் சாதாரண டைமண்ட் கல்லோடு டீப்ஸ்லேட் (ஆழத்தில் இருக்கும் கரும்பாறை) டைமண்ட் கல்லையும் சேர்க்க வேண்டும். 1.18 முதல் டைமண்ட் உயரம் 16க்குக் கீழேதான் உருவாகிறது. கீழே போகப் போகக் கூடி, -59 பக்கம் உச்சத்துக்கு வருகிறது. அங்கே பெரும்பாலும் டீப்ஸ்லேட்தான். இரண்டாவது வகையை விட்டுவிட்டால் தேடல் கிட்டத்தட்ட வெறுமையாக வரும், குற்றவாளி தப்பிவிடுவார்.

வரும் பட்டியலில் ஒரே இடத்தில் வரிசையாக, தரைமட்டத்துக்கு மேலே உடைத்த கற்கள் இருந்தால் கழித்துவிடுங்கள். சில்க் டச் மந்திரத்தால் கல்லாகவே எடுத்து, வீட்டில் அடுக்கி, ஃபார்ச்சூனால் உடைப்பது பலருடைய பழக்கம். அப்படிச் செய்தால் ஒரே கல் பதிவில் இரண்டு முறை உடைந்ததாக வரும். இதைக் கவனிக்காமல் நேர்மையானவர்களை பேன் செய்வதுதான் (சர்வரிலிருந்து தடை செய்வதுதான்) இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் அநியாயம்.

அடுத்து, மிச்சமிருக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஸ்பெக்டேட்டர் மோடில் (பாறைக்குள்ளும் பறந்து பார்க்கும் பார்வையாளர் நிலை) போங்கள். தலை திடப் பாறைக்குள் இருக்கும்போது அந்த மோடில் சுற்றியுள்ள குகையும் சுரங்கமும் பாறையை ஊடுருவித் தெரியும். முழுப் பாதையையும் ஒரே பார்வையில் பிடிக்கலாம். எக்ஸ்ரேயைத் தடுக்கும் பேப்பரின் ஆன்டி-எக்ஸ்ரே, போலிக் கற்களைக் காட்டும் இரண்டாம் முறையில் ஓடினால் உங்களுக்கும் அவை தெரிந்து குழப்பும். பேப்பரின் கான்ஃபிகில் பர்மிஷன் பயன்பாட்டை இயக்கி, இந்த மறைப்பிலிருந்து விலக்கு தரும் பைபாஸ் பர்மிஷனை அட்மின்களுக்கு மட்டும் கொடுங்கள்.

ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரே கேள்வி: இங்கே திரும்பும்போது அந்தக் கல் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்குமா? சுரங்கச் சுவரில் ஒட்டியிருந்தால் தெரியும். இரண்டு பிளாக் உள்ளே புதைந்திருந்தால் தெரியாது. நேராகப் போன பாதை காரணமின்றி ஒடிந்து, ஏழெட்டு பிளாக் தாண்டி டைமண்டின் மேல் முட்டி, அங்கிருந்து மறுபடி சாய்வாக அடுத்த கொத்துக்குப் போனால் அது கனமான அடையாளம். நேர்மையாகத் தோண்டியவரின் சுரங்கத்தில் வெறுங்கையோடு முடிந்த கிளைகள் நிறைய இருக்கும். எல்லாக் கிளையும் டைமண்டில்தான் முடிகிறது என்றால் சந்தேகம் வலுக்கிறது. பக்கத்திலேயே இரும்பும் ரெட்ஸ்டோனும் தொடப்படாமல் கிடப்பது துணைச் சான்று மட்டும். தேவை இல்லாதவர் விட்டுவிடலாம். டார்ச் இல்லாததற்கும் பெரிய மதிப்பு கொடுக்காதீர்கள், வெளிச்சத்தைக் கூட்டி ஆடுபவர்கள் பலர்.

பாதையை வெட்டியவர் அவர்தானா என்பதையும் பாருங்கள். கோர்ப்ரொடெக்டின் இன்ஸ்பெக்ட் மோடில் சுரங்கத்தின் காலியான இடங்களைச் சோதித்தால் அங்கிருந்த பிளாக்கை உடைத்தவர் பெயர் வரும். இன்னொருவர் வெட்டிய சுரங்கத்தில் கடைசிக் கல்லை மட்டும் இவர் எடுத்திருக்கலாம்.

நெதர் உலகில் ஏன்ஷியன்ட் டெப்ரி என்ற அரிய தாது இயற்கையாகக் காற்றில் படும்படி உருவாவதே இல்லை. அதனால் அங்கே பாதை இன்னும் தெளிவாகப் பேசும். ஆனால் கட்டிலையோ (நெதரில் அது வெடிக்கும்) டிஎன்டியையோ வெடிக்கவைத்துத் தேடினால் டெப்ரி மட்டும் உடையாமல் நிற்கும். பெரிய குழிகளுக்கு நடுவே எடுத்த டெப்ரியை எக்ஸ்ரே என்று எண்ண வேண்டாம். மேல் உலகில் யாரோ மறைத்து வைத்த பெட்டிக்கு நேர்க்கோட்டில் வந்த சுரங்கம் டைமண்டைவிட வலிய சான்று. இடம் தெரிந்த நண்பர் யாராவது சொல்லியிருப்பாரா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பேப்பரின் ஆன்டி-எக்ஸ்ரேயை இயக்குவது அவசியம், ஆனால் அதோடு வேலை முடியாது. நான்கு பக்கமும் மேலும் கீழும் மூடியிருக்கும் கல்லை மட்டுமே அது மறைக்கும். குகைக் காற்றைத் தொடும் கல் எக்ஸ்ரேயில் தெரிந்துகொண்டே இருக்கும். எனவே பாதுகாத்த சர்வரில் தடயம் மாறும்: ஒரு குகையிலிருந்து திடப் பாறையைக் குடைந்து, வேறொரு குகையின் சுவரில் இருக்கும் டைமண்டுக்குப் பின்பக்கமாக வந்து சேர்வார்கள். மூடிய பாறைக்குள் டைமண்ட் வைத்துப் பொறி அமைப்பதும் இங்கே பலிக்காது, அந்தக் கல் அவர் கணினிக்கே போகாது. உலகின் சீட் (உலகத்தை உருவாக்கும் எண்) தெரிந்தவரையும் இது தடுக்காது. அதற்கு ஃபீச்சர் சீட்களை (தாது போன்றவை எங்கே வரும் என்பதைத் தீர்மானிக்கும் எண்களை) மாற்றும் அமைப்பு உண்டு, புதிதாக உருவாகும் சங்க்குகளில் (உலகின் சிறு துண்டுகளில்) மட்டும் வேலை செய்யும்.

நேரில் கவனிக்க விரும்பினால் உங்களை முழுதாக மறைக்கும் வேனிஷ் பிளகின் வேண்டும். வெறும் ஸ்பெக்டேட்டர் மோடுக்கு மாறினால் டேப் பட்டியலில் உங்கள் பெயர் சாய்வெழுத்தாகத் தெரிந்துவிடும்; அதைப் பார்த்த நொடியே ஆள் ஒழுங்காகத் தோண்டத் தொடங்குவார். அரை மணி நேரம் பின்தொடருங்கள், சாட்டில் எதுவும் கேட்காதீர்கள். எந்த மாட் போட்டிருக்கிறார் என்று கிளையன்ட் பெயரைச் சோதிப்பது வீண்: டெக்ஸ்சர் பேக்கிலேயே எக்ஸ்ரே செய்யலாம், அந்தப் பெயரையும் பொய்யாக அனுப்பலாம்.

ஒரு கொத்தை வைத்து பேன் செய்யாதீர்கள். தொடர்பில்லாத நான்கு இடங்களிலாவது, கண்ணுக்குத் தெரியாத கல்லை நோக்கித் திரும்பிய பாதை வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆயத்தொலை, நேரம், ஸ்கிரீன்ஷாட் சேர்த்து இன்னொரு அட்மினிடம் கொடுங்கள். உங்கள் கருத்தைச் சொல்லாமல் அவரே பார்த்து முடிவுக்கு வரட்டும். அந்த ஆட்டக்காரரோடு சண்டையிட்ட அட்மின் இதில் இருக்கவே கூடாது. பேன் செய்யும்போது காரணத்தைச் சொல்லுங்கள், எந்தத் திருப்பத்தில் பிடித்தீர்கள் என்பதைச் சொல்லாதீர்கள். அடுத்த கணக்கில் வரும்போது அந்தத் திருப்பத்தை மறைத்துவிடுவார்.

கடைசியாகப் பொருளை மீட்பது. பிளாக்குகளை மட்டும் ரோல்பேக் செய்தால் கல் பாறைக்குத் திரும்பும், எடுத்த டைமண்டும் பையில் அப்படியே இருக்கும். சர்வரில் டைமண்ட் இரட்டிப்பாகிவிடும். முதலில் அவருடைய இன்வென்டரி, எண்டர் செஸ்ட் (அவருக்கு மட்டும் திறக்கும் தனிப் பெட்டி), வீட்டுப் பெட்டிகள் மூன்றையும் காலி செய்யுங்கள். பிறகு பெட்டிகளில் நடந்த வரவு செலவைக் கோர்ப்ரொடெக்டில் பார்த்து, நண்பர்களுக்குப் போனதையும் தேடுங்கள். கடையில் காசு கொடுத்து வாங்கியவரிடமிருந்து பிடுங்காதீர்கள், அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை.